வாசாவின் சிங்கம், 42 மில்லிமீட்டரில்: ஒரு மாதிரிக் கப்பலின் சிற்ப வேலை

மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களிடம் 17ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் போர்க்கப்பலான வாசாவின் பெயரைச் சொன்னால் முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும். பலகை வளைத்து உடலைக் கட்டுவது கஷ்டம்தான். பாய்க்கயிறுகள் அதைவிடப் பொறுமை கேட்கும். ஆனாலும் அந்தப் பெருமூச்சு அவற்றுக்காக வருவதில்லை, கப்பலை மூடிக்கிடக்கும் சிற்பங்களுக்காக வருவது. சிலைகளும் அலங்காரத் துண்டுகளுமாக ஏறத்தாழ 700 இருக்கின்றன. கடையில் கிடைக்கும் பெட்டித் தொகுப்புகள் அவற்றை ஈயநிற உலோக வார்ப்புகளாகக் கொடுத்துவிடுகின்றன. முகம் மழுங்கி, விரல்கள் ஒட்டி, எல்லாவற்றின் மேலும் ஒரே தங்கநிறம். அவற்றை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே செதுக்குவது என்று முடிவெடுத்தால் என்னவெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கான ஆய்வு இது. அளவு 1:72, அதாவது அசலில் 72-இல் ஒரு பங்கு. எல்லாச் சிற்பங்களையும் பற்றிப் பேசப்போவதில்லை. கப்பலின் முன்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் முன்மூக்கின் சிங்கம், கிரேக்க, உரோமப் புராண வீரன் ஹெர்குலிஸின் இரண்டு சிலைகள், உரோமப் பேரரசர் வரிசை, பீரங்கித் துவார மூடிகளின் சிங்க முகங்கள், இவ்வளவுதான்.

கப்பலின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃபுக்காக ஸ்டாக்ஹோமில் கட்டப்பட்டது. 64 பீரங்கிகளோடு 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டு, சுமார் 1,300 மீட்டர் போனதும் காற்றில் சாய்ந்து, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. மூழ்கிய கப்பல்களைத் தேடிவந்த ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் 1956-இல் அதைக் கண்டுபிடித்தார். 1961 ஏப்ரல் 24 அன்று மேலே தூக்கினார்கள். 1990-இல் திறந்த வாசா அருங்காட்சியகத்தில் இப்போது நிற்கிறது.

நமக்கு வேண்டிய விஷயம் சிற்பங்களுக்கு என்ன ஆனது என்பது. அவற்றைக் கப்பலோடு பிணைத்திருந்தவை இரும்பு ஆணிகள். நீருக்கடியில் இரும்பு துருப்பிடித்துக் கரைந்ததும் சிலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று சேற்றில் விழுந்து புதைந்தன. பால்டிக் கடலின் நீரில் உப்பு குறைவு, அதனால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழுவும் அங்கே வாழ்வதில்லை. இரண்டும் சேர்ந்து, கப்பலோடு ஒட்டிக்கொண்டிருந்திருந்தால் தேய்ந்துபோயிருக்கும் முகங்களைக்கூடக் காப்பாற்றிவிட்டன. மூக்கும் முடிச்சுருளும் உளித்தடமும் தெரிகிற நிலையில் 17ஆம் நூற்றாண்டுக் கப்பல் சிற்பம் இவ்வளவு வேறெங்கும் இல்லை. இங்கிலாந்தின் 'சாவரின் ஆஃப் த சீஸ்' 1637-இல் கடலில் இறங்கியபோது செதுக்கலும் தங்கப்பூச்சும் மட்டும் 6,691 பவுண்டு ஆனது. அந்தக் கப்பல் 1690-களில் எரிந்துபோனது. அதை மாதிரியாகச் செய்கிறவர் ஓவியங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டும். வாசா செய்கிறவருக்கு அசலே இருக்கிறது. ஒரு வகையில் இது சிக்கலும்கூட. எல்லாம் தெரியும்போது எதை விடுவது?

சிக்கலின் மையம் இந்தக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்மூக்குக்கு மேலே சாய்வாக நீளும் முன்கம்பத்தோடு சேர்த்து வாசாவின் நீளம் 69 மீட்டர். 1:72-இல் 96 சென்டிமீட்டர் வரும். தரையிலிருந்து 19 மீட்டருக்கு எழும் பின்புறம் 27 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மூன்று மீட்டர் நீளச் சிங்கம் 42 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயரச் சிலை 14 மில்லிமீட்டர். அதன் தலை சோற்றுப் பருக்கையை நிற்கவைத்த அளவுகூட வராது. அருங்காட்சியகத்திலேயே வண்ணம் பூசிய 1:10 மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் சிங்கம் 30 சென்டிமீட்டர் வரும். அது சாதாரண மரச்சிற்ப வேலை. 1:72 என்பது வேறு ஜாதி வேலை.

பார்வையாளர் மாதிரியை 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசல் கப்பலை 29 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு அது சமம். நல்ல கண்ணுக்கு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்க முடியும். 40 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.12 மில்லிமீட்டர். அசல் சிற்பத்தில் அதற்கு ஈடு 8 மில்லிமீட்டர் சொச்சம். அசலில் எட்டு மில்லிமீட்டருக்குக் குறைவான எதையும் மாதிரியில் செதுக்கினாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணிமை மடிப்பு, மயிரிழைக் கோடு, மோதிரம், நகம் எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. கிட்டே குனிந்து 25 சென்டிமீட்டரில் பார்த்தாலும் எல்லை ஐந்து மில்லிமீட்டருக்குத்தான் இறங்கும்.

தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியோடு வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு கசக்கும். கண்ணாடிக்குள் எல்லாம் தெரிகிறது, கையும் ஓடுகிறது, அதனால் செதுக்கிக்கொண்டே போகத் தோன்றும். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் உருவம் சொரசொரப்பான ஒரு கட்டியாகத் தெரியும். நுணுக்கம் சேரச்சேர உருவம் கலங்கிப்போகிறது, ஏனென்றால் கண்ணால் பிரிக்க முடியாத கோடுகள் எல்லாம் சேர்ந்து சாம்பல்நிறமாகிவிடுகின்றன.

இன்னொரு கணக்கு வெளிச்சம். வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகை. அதனால் அதன் நிழல் கூர்மையாக விழுகிறது. இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும் நாலடி டியூப்லைட் கிட்டத்தட்ட 33 பாகை அகலம். வீட்டுக்குள் வைத்த மாதிரியின் நிழல்கள் எல்லாம் கரைந்துபோவது இதனால்தான். அசலின் ஆழத்தைச் சரியாக 72-ஆல் வகுத்துச் செதுக்கினால் சிற்பம் தட்டையாகத் தெரியும். தாடைக்குக் கீழ், கைக்கும் உடலுக்கும் இடையில், பிடரிச் சுருளுக்கு அடியில், இங்கெல்லாம் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் ஆழம் கொடுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். கண்ணை வைத்துப் பார்த்தால் இல்லை.

அசல் சிற்பிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். குறைந்தது ஆறு தேர்ந்த சிற்பிகள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள், உதவியாளர்கள் தனி. மோர்ட்டன் ரெட்மர் என்பவரின் கையை மட்டும் அடையாளம் காண முடிகிறது. ஹான்ஸ் கிளவுசிங்க், யோஹான் டீட்ரிக்சன் போன்றோர் அதே கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்ததற்குப் பதிவு இருந்தாலும் எந்தச் சிலை யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அவர்கள் செதுக்கியவை கரையிலிருந்தும் எதிரிக் கப்பலிலிருந்தும் பார்ப்பதற்கானவை. அருங்காட்சியகத்தில் கிட்டே போய்ப் பார்த்தால் கன்ன எலும்பு மிகைப்பட்டிருக்கும், கண்குழி ஆழமாக இருக்கும், தசை புடைத்திருக்கும். தூரத்துப் பார்வைக்காக ஏற்கெனவே எளிமையாக்கப்பட்ட உருவம் அது. அந்த எளிமையை நாம் இன்னும் ஒரு படி இறக்குகிறோம், அவ்வளவுதான்.

சரி, மரத்துக்கு வருவோம்.

அசல் சிற்பங்கள் ஓக், பைன், லிண்டன் மரங்களில் செய்யப்பட்டவை. 'அசல் மரமே வேண்டும்' என்று லிண்டனைத் தேடுவது வீண். மூன்று மீட்டர் சிங்கத்துக்கு அது அருமையான மரம், உளிக்கு வெண்ணெய் போல இழையும். 14 மில்லிமீட்டர் உருவத்தில் அதே மென்மை எதிரியாகிவிடும். நார் பிசிறாக எழும், குறுக்குவெட்டில் நசுங்கும், மூக்கு நிற்காது. இந்த வேலைக்கு உலகம் முழுக்க முதல் தேர்வு பாக்ஸ்வுட். கிட்டத்தட்டத் தண்ணீர் அளவுக்கு அடர்த்தி, கண்ணுக்குத் தெரியாத துளைகள், எந்தப் பக்கம் வெட்டினாலும் விளிம்பு நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து இங்கிலாந்தின் கப்பல்துறையினர் பெரும்பாலும் 1:48 அளவில் மாதிரிகள் செய்துவந்தார்கள். அவற்றின் நுண்சிற்பங்களுக்கும் இந்த மரம்தான். அடுத்தபடி பேரிக்காய் மரம்.

நம் ஊரில் பாக்ஸ்வுட் வாங்குவது செலவு பிடிக்கும் சமாச்சாரம். தேக்கைத் தொடவே வேண்டாம். அதன் துளைகள் ஒவ்வொன்றும் இந்த அளவில் ஒரு கண்குழி. நம்மிடமே கிடைக்கும் நல்ல மாற்று வெட்பாலை. சன்னபட்ணா பொம்மைகள் செய்வது இந்த மரத்தில்தான். தந்தம் போல் வெளுத்த நிறம், சீரான நார். பாக்ஸ்வுட் அளவுக்குக் கடினம் இல்லை என்பதால் 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உருவங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். நிழலில் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும்.

மரத்தை விட்டுவிட்டுப் பிசையும் பொருளுக்குப் போகிறவர்களும் நிறைய. அடுப்பில் சுடும் பாலிமர் களிமண் ஒரு வழி, வகையைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி சூட்டில் இறுகும். எம்-சீல் போல இரண்டு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் எபாக்சி புட்டி இன்னொரு வழி. எம்-சீல் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் சிற்பிகளுக்கென்றே வரும் மெதுவான வகைகள் மேல். இந்தப் பொருள்களின் பெரிய வசதி, வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம் என்பது. மரத்தில் போன மூக்கு போனதுதான். களிமண்ணின் குறை விளிம்பு. அது எல்லாவற்றையும் கொஞ்சம் உருண்டையாக்கிவிடும். உளி வெட்டிய தளத்துக்கும் கருவியால் அழுத்திய தளத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சின்ன அளவிலும் தெரிகிறது என்பதுதான் ஆச்சரியம். சுட்ட களிமண்ணைக் கத்தியால் மறுபடி சீவி விளிம்பு கொண்டுவரலாம். கடைசியில் வண்ணம் பூசுவதாக இருந்தால் கலந்து செய்வதில் தப்பே இல்லை. உடல் மரத்தில், பறக்கும் துணி புட்டியில்.

இனி சிங்கம். தாவிப் பாய்கிற உடல், முன்னோக்கி நீண்ட கால்கள், அடர்ந்த பிடரி. அசலே பல துண்டுகளாகச் செதுக்கி ஆணியடித்துச் சேர்த்ததுதான். மாதிரிக்கும் அதுவே வழி, காரணமும் அதுவே. மரத்தின் நார் ஒரு பக்கமாகத்தான் ஓடும். உடலின் நீளவாக்கில் நாரை வைத்தால், அதற்குக் குறுக்கே நீளும் காலின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட இராது, தொட்டாலே ஒடியும். காலைத் தனியாக, அதன் நீளத்துக்கே நார் ஓடும்படி செதுக்கி, நடுவில் பித்தளைக் கம்பி செருகி ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தைப் பிடரியின் மடிப்பிலோ தோள் சுருளிலோ ஒளித்துவிடலாம்.

கட்டையை உருவத்தைவிட இரண்டு மடங்கு நீளமாக எடுப்பது அவசியம். மிச்சம் இருக்கும் பாதிதான் பிடி. 42 மில்லிமீட்டர் துண்டை விரலில் பிடித்துச் செதுக்கினால் உளி விரலில்தான் முடியும். பக்கத்தோற்றத்தைக் கம்பி ரம்பத்தால் அறுத்து, பிறகு மேல்தோற்றத்தை வரைந்து அதையும் அறுத்து, நடுக்கோட்டைப் பென்சிலால் போட்டுக்கொள்ள வேண்டும். வெட்டவெட்டக் கோடு போய்விடும், திரும்பத்திரும்பப் போட வேண்டும். பின்கால்களுக்கு இடையில் உள்ள மரத்தை உடனே எடுத்துவிடக் கூடாது. அதுதான் கால்களைத் தாங்குகிறது. முகமும் பிடரியும் முடிந்து, வால் நிலைக்கு வந்த பிறகுதான் அந்தச் சுவரைத் துளைத்து எடுப்பது.

பிடரியில்தான் முன்னே போட்ட கணக்கு வேலைக்கு வருகிறது. அசலில் 15 சென்டிமீட்டர் சுருள் ஒன்று இங்கே இரண்டு மில்லிமீட்டர். அது தெரியும். சுருளுக்குள் ஓடும் இழைகள் தெரியாது. ஒவ்வொரு சுருளையும் வைத்து உள்கோடுகளை ஒன்றிரண்டாகக் குறைத்தால் பிடரி பிடரியாக இருக்கும். பயிற்சி உள்ளவர்கள் சுருள்களின் எண்ணிக்கையையும் குறைத்துவிடுவார்கள். நான் அதற்கு ஆதரவு, ஆனால் பக்கவாட்டு வெளிக்கோட்டில் வரும் சுருள்களைக் குறைக்கக் கூடாது. தூரத்தில் நின்று பார்க்கிறவர் சிங்கத்தை அடையாளம் காண்பது அந்த வெளிக்கோட்டால்தான்.

கருவி விஷயத்தில் பெரிய செலவு தேவையில்லை. தையல் மெஷின் ஊசியின் முனையைச் சாணை பிடித்தால் அரை மில்லிமீட்டர் உளி தயார். தங்கப் பட்டறையில் புழங்கும் செதுக்கு உளிகளும் சின்ன அரங்களும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை. பல் மருத்துவர் பயன்படுத்தும் பர் முனைகள் குழி எடுக்க உதவும், ஆனால் மோட்டாரில் சுழலும் எதுவும் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது, விளிம்பு மழுங்கும். உப்புத்தாளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 14 மில்லிமீட்டர் முகத்தில் உப்புத்தாள் பட்டால் முகம் போய்விடும். கூரான கத்தி விளிம்பால் சுரண்டி மெருகேற்றுவதே போதும். ஒடியப் பார்க்கும் இடத்தில் நீர்த்த உடனடிப் பசையை ஒரு சொட்டு உறிஞ்சவிட்டால் மரம் கெட்டிப்படும். அந்த இடம் பிறகு சாயம் குடிக்காது என்பதால் வண்ணம் பூசப்போகும் உருவங்களுக்கு மட்டும் இந்த உபாயம்.

ஹெர்குலிஸ்கள் இருவர், பின்புறக் கீழ் மாடங்களின் இருபக்கமும் ஒவ்வொருவர். ஒருவர் இளையவர், ஒருவர் முதியவர். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்தது இந்த ஜோடி. முதுமையை எங்கே காட்டுவது? சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. நரை வண்ணத்தில் வரும், ஆனால் அதை நம்பிச் செதுக்கலை விட்டுவிட முடியாது. முதியவரைத் தோளிலும் கழுத்திலும் முதுமையாக்க வேண்டும். கழுத்தை அரை மில்லிமீட்டர் முன்னே தள்ளி, தோளைக் கொஞ்சம் இறக்கி, வயிற்றுக்கு ஒரு கோடு கனம் கொடுத்தால் தாடி இல்லாமலேயே வயது வந்துவிடும். இளையவருக்கு எதிர்த்திசையில் அதே வேலை. இருவரையும் அடுத்தடுத்த கட்டைகளில் ஒரே நேரத்தில் செதுக்குவது நல்லது. தனித்தனியாகச் செய்தால் வித்தியாசம் தற்செயலாகிவிடும், பக்கத்தில் வைத்துச் செய்தால் நாமே அதைத் தீர்மானிக்கலாம்.

முன்மூக்கில் அணிவகுத்து நிற்பவர்கள் 20 உரோமப் பேரரசர்கள், டைபீரியஸ் முதல் செப்டிமியஸ் செவெரஸ் வரை. அகஸ்டஸ் வரிசையில் இல்லை. அந்த இடம் ஸ்வீடன் மன்னருக்கு உரியது என்று பொருள் கொள்கிறார்கள். இதே முன்பகுதியில் பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் போலந்துப் பிரபு ஒருவரின் சிலையும் உண்டு. ஸ்வீடன் அப்போது போலந்தோடு போரில் இருந்தது. அரசியல் நக்கல் மரத்தில்.

பேரரசர் வரிசை வந்ததும், ஒன்றைச் செய்து அச்சு எடுத்து மற்றவற்றை வார்த்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். சிலிக்கான் அச்சும் ரெசினும் இப்போது சுலபமாகக் கிடைக்கின்றன. பேரரசர்களுக்கு நான் இதை ஏற்கமாட்டேன். வரிசையாக நிற்கும் உருவங்களில் ஒரே கை ஒரே கோணத்தில் திரும்பத்திரும்ப வந்தால் கண் உடனே பிடித்துவிடும். கூடவே, வரிசை முகப்பை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் ஒரே அளவு அச்சு பொருந்தவும் செய்யாது. ஒரு சமரசம் உண்டு: கால் முதல் இடுப்பு வரை ஒரே மாதிரி முரட்டு வடிவங்களை முதலில் வெட்டிக்கொண்டு, தலைத் திருப்பத்தையும் கை நிலையையும் மட்டும் ஒவ்வொன்றுக்கும் மாற்றுவது. முகச்சாயலை வைத்து நீரோவையும் டிராஜனையும் பிரிக்க முயல்வது இந்த அளவில் நேர விரயம்.

பீரங்கித் துவார மூடிகளின் உட்புறச் சிங்க முகங்களுக்கு மட்டும் அச்சு சரி. மூடி திறந்தால்தான் அவை தெரியும். அசலிலும் பல கைகள் செய்தவை, சாயலில் வேறுபடுகின்றன. அதனால் நாலைந்து வேறுவேறு முகங்களை மரத்தில் செதுக்கி, அவற்றிலிருந்து வார்த்து, கலைத்துப் போட்டுப் பொருத்துவது நியாயமான வழி. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான சதுரப் பலகையில் ஒரு முகம். வார்த்த பிறகு கத்தியால் வாயை மட்டும் ஒருமுறை ஆழப்படுத்த வேண்டும், ஏனென்றால் ரெசின் அங்கேதான் மழுங்குகிறது.

வண்ணத்தில் ஒரு பழைய பிழையான நம்பிக்கையைத் தாண்ட வேண்டும். கப்பல் நீலப் பின்னணியில் தங்கச் சிலைகளோடு இருந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பழைய மாதிரிகளும் பெட்டிப் படங்களும் அப்படியே. 1990-களில் மரத்தில் ஒட்டியிருந்த நிறத்துகள்களை ஆராய்ந்தபோது பின்னணி சிவப்பு என்றும், சிலைகள் பல வண்ணங்களில் இருந்தன என்றும் தெரிந்தது. தோலுக்குத் தோல்நிறம், துணிக்குப் பச்சை, நீலம், மஞ்சள், சில இடங்களில் தங்கத் தகடு. இன்றைய கண்ணுக்குத் தேர்த்திருவிழா நிறங்கள். ஐரோப்பிய ரசனை பிற்காலத்தில் வெறும் மரத்தையே உயர்வாகக் கருதப் பழகியதால், இந்த வண்ணத்தைக் கண்டு முகம் சுளிக்கும் மாதிரிக் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்ல பாக்ஸ்வுட் செதுக்கலை மூட மனம் வராது என்பதும் புரிகிறது. ஆனால் வாசா சிற்பங்கள் வண்ணத்துக்காகவே செதுக்கப்பட்டவை. வெறும் மரமாக விட்டால் அது இன்னொரு கப்பல்.

பூசும்போது கனம்தான் கவலை. சாதாரணப் பூச்சு ஒரு படலமே 0.05 மில்லிமீட்டர் வரும், மூன்று படலம் போட்டால் கண்குழி நிரம்பிவிடும். நீர்த்த அக்ரிலிக், மெல்லிய அடிப்பூச்சு, பிறகு குழிகளில் ஓடவிடும் கருஞ்சாயம், மேட்டில் ஒரு வெளிர்தொடுகை. தங்கத்துக்குத் தங்கப் பெயின்ட் வேண்டாம். அதிலுள்ள உலோகத் துகள் இந்த அளவில் மணல் போலத் தெரியும். உண்மையான தங்கத் தகடு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனம்தான், செதுக்கலை மூடாது. பிடரியில் சில சுருள்களுக்கும் கிரீடத்துக்கும் ஒரு தாள் தாராளமாகப் போதும். அசல் சிற்பங்களுக்கு ஒட்டியதும் இதே பொருள்தான். சிறிதாக்கத் தேவையில்லாத ஒரே பொருள் இது என்று நினைக்கிறேன்.

கடைசியாகப் பொருத்துவது. வாசாவின் பின்புறம் மேலே போகப்போகப் பின்னால் சாய்ந்து, பக்கங்களில் வளைகிறது. புகைப்படத்தை அப்படியே அச்சிட்டு அளவெடுத்தால் மேல்வரிசைச் சிலைகள் குட்டையாகிவிடும், சாய்வுக்கு ஏற்ப உயரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிலையின் முதுகையும் முதலில் வளைவுக்குப் பொருத்திச் சீவிவிட்டு, பிறகுதான் முன்பக்கத்தைத் தொடுவது. தலைகீழாகச் செய்தால், முடிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தேய்க்க வேண்டிவரும். வண்ணம் பூசி முடித்த பிறகு, மர ஆணிபோல் மெல்லிய பித்தளை முளை ஒன்றையும் ஒரு சொட்டு மரப்பசையையும் வைத்துப் பொருத்தலாம். முன்மூக்குச் சிங்கத்தை மட்டும் முன்கம்பத்தைக் கட்டும் கயிறுகளுக்கு முன்பே இடத்தில் வைத்துவிட வேண்டும், பிறகு விரல் நுழையாது. அந்தக் கயிற்று வேலை முடியும்வரை அதற்கு மேல் ஒரு தீப்பெட்டிக் கூட்டைக் கவிழ்த்து நூலால் கட்டிவிடுவது நல்லது.